பின்னட்டையில் இரண்டு பெயர்கள்

அந்த அம்மா கொண்டுவந்த கடதாசிகளில் நான்காவது, ஒரு சீடியின் மட்டை. பிறப்புச் சாட்சிப்பத்திரம், அடையாள அட்டை, பல்கலைக்கழகக் கடிதம் மூன்றையும் பிரதி எடுத்துவிட்டு நான்காவதைக் கையில் வாங்கியபோதுதான் சேதுராமனுக்கு விஷயம் உறைத்தது. அந்த மட்டையைக் கணினியில் வடிவமைத்து, அதே கடையில், அதே இயந்திரத்தில் முந்நூறு அடித்தவன் அவன்தான்.

"பின்பக்கம் வடிவா விழவேணும் தம்பி," என்றார் அவர். "பேர் இருக்கிற பக்கம்."

பின்பக்கத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. இசை: ம. பாலேந்திரன், 41/3, அம்பிட்டிய. ஒலிப்பதிவு: மஹ்மூத், திகன. முன்பக்கத்தில் 'இறங்கி நட' என்ற தலைப்பின் கீழே பாடியவனின் பெயர் பெரிய எழுத்தில்: கரும்பாறை. எந்தத் தாயும் பிள்ளைக்குக் கரும்பாறை என்று பேர் வைப்பதில்லை. அந்தப் பேரை வைத்துக்கொண்டு யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்ட முடியாது.

பாலேந்திரன் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் அன்றைக்குப் பதினொரு நாள்.

சேதுராமன் மட்டையைக் கவிழ்த்து வைத்து மூடியை இறக்கினான். பச்சை வெளிச்சம் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய்த் திரும்பியது. "யாருங்க இது?" என்று கேட்டான். கேட்டிருக்கத் தேவையே இல்லை. வாய் தன்பாட்டில் கேட்டது.

"என்ர தம்பியார். நான் மாத்தளையில டீச்சர், கமலாசனி. இவர் இந்தப் பாட்டுகளுக்கு மியூசிக் போட்டவர், அவ்வளவுதான். எழுதினது, பாடினது வேற ஆள். அந்த ஆள் வந்து, சொல்லெல்லாம் என்ர, இவர் தாளம் மட்டும்தான் போட்டவர் எண்டு ஒரு சத்தியக்கடதாசி தந்தா, இவரை வெளியில எடுக்கலாம் எண்டு சட்டத்தரணி சொல்லுறார்."

"அந்த ஆள் யாருன்னு தெரியாதுங்களா?"

டீச்சர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தெரிஞ்சவைக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டுக் கடதாசிகளை அடுக்கிக் கோவைக்குள் வைத்தார்.

பாலேந்திரன் தன் அக்காவைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறான். ஆனால் அவரைச் சேதுராமன் பார்த்தது அன்றைக்குத்தான். தன்னை அவருக்குத் தெரிய வழியில்லை என்று நினைத்தபோது அவனுக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதிதான் பிறகு அவனைத் தின்றது.

சேதுராமன் ஹந்தானைத் தோட்டத்து ஆள். அம்மா சுப்பம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறாள். ஏ.எல். படிப்பை முதல் வருஷத்தோடு நிறுத்திவிட்டு, கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில் இந்தப் போட்டோ கொப்பிக் கடையில் சேர்ந்தான். மூன்று மொழியும் டைப் அடிப்பான். அவன் சிங்களம் பேசினால் அவனைத் தமிழன் என்று முதலாளியே நம்பமாட்டார். மிச்ச நேரத்தில் பழுதாகிப்போன தாள்களின் பின்பக்கத்தில் பாட்டு எழுதினான். அதைப் பாட்டு என்று அவன் அம்மா ஒத்துக்கொண்டதில்லை. யாரோடடா சண்டை போடுற என்றுதான் கேட்பாள்.

பாலேந்திரன் பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டிய ஏதோ ஒப்படையைப் புத்தகமாகப் பிணைத்துக்கொண்டு போகக் கடைக்கு வந்தவன். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு இயந்திரம் ஓடுவதைக் கண் மூடிக் கேட்டுக்கொண்டு நின்றான். அடுத்த கிழமை கைபேசியில் அதைப் பதிந்துகொண்டு போனான். அதற்கடுத்த கிழமை அது தாளமாகத் திரும்பி வந்தது. கொப்பி இயந்திரத்தின் இழுப்பு, தாள் விழும் சத்தம், மூடி அடிக்கும் அடி. அதுதான் முதல் பாட்டு. அதற்குப் பிறகு சேதுராமன் ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் தன் பாட்டு தொடங்குவதைக் கேட்டான். ஒரு காலத்தில் அது அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பதிவு நடந்தது திகனயில். மஹ்மூத் நானா கல்யாண வீடியோ எடுப்பவர். பின்னறைச் சுவரெல்லாம் முட்டைத் தட்டும் பழைய மெத்தைப் பஞ்சும் ஒட்டி வைத்திருந்தார். முழுநிலாப் போயா நாளில் கண்டியில் கடை பூட்டு, அவருக்கும் வேலை இல்லை. அதனால் போயாவுக்குப் போயா பஸ் பிடித்துப் போனார்கள். எட்டுப் பாட்டுக்கு எட்டுப் போயா. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது மைக்கை நிறுத்த வேண்டும், புத்த பிக்குகள் பன்சலையில் பிரித் ஓதும்போதும் நிறுத்த வேண்டும், மழை தகரத்தில் இறங்கினால் அன்றைய கதை முடிந்தது. ஆறாவது பாட்டின் கடைசியில் உன்னிப்பாகக் கேட்டால் பாங்கின் முதல் சொல் இருக்கும். மஹ்மூத் நானாவின் மனைவி றம்லத் வட்டிலப்பமும் தேத்தண்ணியும் கொடுத்தனுப்பிவிட்டு, கல்யாண வீட்டில் இதைப் போட்டால் மாப்பிள்ளை ஓடிவிடுவான் என்று உள்ளிருந்தபடியே சொல்வார்.

மூன்றாவது பாட்டுத்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

பேரக் கேட்டான், சொன்னேன்.
ஊரக் கேட்டான், சொன்னேன்.
பேருக்குள்ள எந்த ஊருன்னு கேட்டான்,
நின்னேன்.

பேராதனைப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கி நடக்கவிடுவார்கள். நடந்து மறுபக்கம் போய் அதே பஸ்ஸில் ஏற வேண்டும். பாலேந்திரன் மட்டும் ஏறமாட்டான். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருக்கும். பஸ் போய்விடும், அவன் நிற்பான். ஒரு நாள் நாலரை மணித்தியாலம் நின்றான். சேதுராமன் ஒருநாளும் நின்றதில்லை. அவன் இறங்கி, சிங்களத்தில் ஏதாவது பகிடி சொல்லிவிட்டு, நடந்து போய் ஏறிவிடுவான். 'நின்னேன்' என்று பாட்டில் தொண்டை கிழியக் கத்தியது அவன், நின்றது பாலேந்திரன்.

பெயர் போடும் விஷயத்தில் பாலேந்திரன் தெளிவாக இருந்தான். போட்டால் இரண்டு பேருடையதும் போடுவம், விட்டால் இரண்டையும் விடுவம் என்றான். சேதுராமனும் சரி என்றான். இந்தத் தொழிலில் பெயரின் அருமை அவனுக்குத் தெரியும். கல்யாணக் காட் ஒன்றில் சித்தப்பாவின் பெயர் விடுபட்டால் முழுக் கட்டையும் திரும்பக் கொண்டுவந்து போடுவார்கள். கோயில் நோட்டீஸில் ஒரு பெயர் குறைந்தால் திருவிழாவே இரண்டுபடும். ஆகவே பாலேந்திரனின் பெயரை முதலெழுத்தோடு அடித்தான். இசை வேண்டுமென்று யாராவது தேடி வரட்டும் என்று வீட்டு இலக்கத்தையும் சேர்த்தான். பிறகு 'பாடல், குரல்' என்று அடித்து, 'சேதுரா' வரைக்கும் போய் நிறுத்தினான்.

வெளியே கோபுரத்தடியில் எப்போதும்போல ஒரு ஜீப் நின்றது. அது அவனுக்காக நிற்கவில்லை, தினமும் நிற்பதுதான். ஆனால் விரல் நின்றது. மூன்றெழுத்தையும் அழித்தான், அந்த வரியையே தூக்கினான். முன்பக்கத்துக்குப் போய்க் கரும்பாறை என்று போட்டான். பாலேந்திரனிடம் ஸ்டைலுக்காக என்றான். பாலேந்திரன் சிரித்து, பெரிய ஸ்டார்தான் நீ என்றான். தன் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. சேதுராமனும் எடுக்கவா என்று கேட்கவில்லை. மறந்துபோய்விட்டேன் என்று அவன் தனக்குத்தானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறான். மறக்கவில்லை. நிறுத்திய விரலுக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து எட்டு மாசியில் சீடி வந்தது. ஒரு மாதம் யாரும் சீண்டவில்லை. பாட்டுக் கடைக்காரர் இருபது வாங்கி வைத்து, மூன்று விற்று, மிச்சத்தைக் கொண்டுபோகச் சொன்னார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் தியாகராஜா என்ற விமர்சகர் அரைப் பக்கம் எழுதினார். தான் பட்டதைத் தன் குரலில் சொல்லும் இந்த இளைஞனின் துணிச்சல் இன்றைய காலத்தில் அரிது என்று எழுதினார். 'பாலேந்திரனின் இசை' என்றும் ஒரு வரி இருந்தது. அந்தக் கட்டுரைக்குப் பிறகு கடைக்காரர் ஆளனுப்பித் தேடினார். மாணவர் விடுதிகளில் பிரதி பிரதியாகப் பதிந்தெடுத்தார்கள். திகனயில் கைபேசிக்குக் கைபேசி போனது. லண்டனிலிருந்து ஒருவர் மின்னஞ்சல் எழுதினார். கடைக்கு வந்த பையன்கள் மூன்றாவது பாட்டைச் சேதுராமனுக்கு முன்னாலேயே முணுமுணுத்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு காசு வாங்கினான். அந்த மூன்று மாதம்போல அவன் வாழ்க்கையில் ஒன்று வந்ததில்லை.

ஆனி மாதம் ஜீப் அம்பிட்டிய நாற்பத்தொன்றின் கீழ் மூன்றுக்குப் போனது. அதே நாள் திகனவுக்கும் போனது.

மஹ்மூத் நானாவை ஒரு நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். இரண்டு நாள் கழித்து அவர் கடைக்கு வந்தார். வெறும் தாள் ஒன்றைக் கொடுத்து, பிரதி எடுப்பதுபோல எடுக்கச் சொன்னார்.

"ஒங்கட பேர நான் செல்லல்ல தம்பி. குரல் சீடியில வந்திச்சி, ஆளத் தெரியான்னு சென்னேன். அந்தப் பொடியனும் அதத்தான் செல்லி ஈக்கான். ரெண்டு பேரும் பேசி வெச்சில்ல, அல்லாஹ் காப்பாத்தினான். றம்லத் முட்டத் தட்டெல்லாம் பிச்சி எரிச்சிட்டா. அது போகட்டும். அவன் உள்ளுக்கு ஈக்கான்."

"நான் போய்ச் சொன்னா என்னையும் உள்ள போட்டுருவாங்களே நானா."

"ஓ. போடுவாங்க," என்றார் மஹ்மூத் நானா. "இல்லன்னு நான் செல்லல்லியே."

வெறும் தாளின் பிரதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

நான்கு கடதாசியோடு வந்த அந்த நாளுக்குப் பிறகு கமலாசனி டீச்சர் கிழமை தவறாமல் வந்தார். சனிக்கிழமைகளில் மாத்தளையிலிருந்து வந்து, அம்பிட்டியவில் தம்பியின் அறையில் தங்கி, மனு எழுதுவார். மனித உரிமைக்காரருக்கு ஒன்று, செஞ்சிலுவைக்கு ஒன்று, எம்.பி.க்கு ஒன்று. சிங்களத்தில் வேண்டியதைச் சேதுராமனே அடித்துக் கொடுத்தான். 'எனது சகோதரர் பாடலின் சொற்களுக்குப் பொறுப்பானவர் அல்லர்' என்ற வாக்கியத்தை அவன் மூன்று மொழியிலும் அடித்திருக்கிறான். அதைவிடத் திருத்தமான சிங்களம் அவன் வாழ்நாளில் அடித்ததில்லை. எழுத்துப் பிழை ஒன்றும் இருக்கக்கூடாது என்று இரண்டு தரம் வாசித்தான். தான் செய்யக்கூடியதைச் செய்வதாக நினைத்துக்கொண்டான்.

ஒருநாள் டீச்சர் தியாகராஜாவின் கட்டுரையைக் கத்தரித்துக் கொண்டுவந்தார். துணிச்சல் என்ற சொல்லின் கீழ் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது. பிள்ளைகளின் கொப்பியில் பிழைக்குப் போடும் கோடு.

"இந்தப் பாடகருக்குச் சரியான துணிச்சலாம் தம்பி. வாசிச்சனீங்களோ?"

"ஓங்க டீச்சர்."

"இதையும் ஒருக்கா எடுங்கோ."

"பெருசாக்கவா?" என்று கேட்டான்.

"ஓம்," என்றார் டீச்சர். "பெருசாக்குங்கோ."

இருநூறு வீதத்தில் எடுத்துக் கொடுத்தான். துணிச்சல் என்ற சொல் தீப்பெட்டி அளவுக்கு வந்தது.

அன்றைக்குப் பின்னேரம் முதலாளி போன பிறகு அவன் உட்கார்ந்து அடித்தான். சின்னத்தம்பி சேதுராமன் ஆகிய நான் இத்தால் சத்தியம் செய்து கூறுவதாவது. அடையாள அட்டை இலக்கம், லயத்து வீட்டு இலக்கம் எல்லாம் போட்டான். சொற்கள் என்னுடையவை, குரல் என்னுடையது. ஒரே பக்கத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவு சின்ன விஷயமா என்று அவனுக்கே ஆச்சரியம். பிலிமத்தலாவையில் இருக்கிற அந்தச் சட்டத்தரணியின் விலாசம் மனுக்களிலெல்லாம் இருந்தது. செவ்வாய்க்கிழமை லீவு கேட்டுக்கொண்டு, கடதாசியைக் கோவைக்குள் வைத்து, பஸ் ஏறினான். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பாலத்தடியில் பஸ் நின்றது. பஹின்ட, பஹின்ட என்றார்கள். எல்லாரும் இறங்கினார்கள். வரிசையில் அவன் முறை வந்தபோது அங்கே நின்ற இளம் ஆள் அட்டையைப் பார்த்துவிட்டு, கோவையைத் திறந்து அந்தக் கடதாசியை வெளியே எடுத்தான். தமிழ் எழுத்து. இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

கல்யாணக் காட் என்றான் சேதுராமன். கொப்பிக் கடையில் வேலை, வாடிக்கையாளரிடம் பிழை திருத்தக் கொண்டுபோகிறேன், மாப்பிள்ளையின் பெயரையே பிழையாக அடித்துத் தொலைத்துவிட்டேன் என்றான். இளம் ஆள் சிரித்தான். தன் அக்காவின் கல்யாணக் காட்டிலும் அப்படி ஆனது என்றான். கடதாசியைக் கசங்காமல் திரும்ப வைத்துக் கொடுத்தான்.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் அவனை அதட்டவில்லை, ஒருவரும் கை நீட்டவில்லை. பாலத்தைக் கடந்து மறுபக்கம் போனான். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. நடத்துனர் கையைக் காட்டி ஏறச் சொன்னான். சேதுராமன் ஏறவில்லை. எவ்வளவு லேசாகப் பொய் வந்தது என்பதுதான் அவன் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இந்த லேசு இல்லாத இடத்தில் பாலேந்திரன் இருக்கிறான். இந்தக் கடதாசியைக் கொடுத்த நிமிஷத்திலிருந்து தனக்கும் இது கிடையாது. பஸ் போனது. அவன் தெருவைக் கடந்து கண்டிப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடித்தான். திரும்பும்போதும் இறக்கி நடக்கவிட்டார்கள். நடந்தான்.

கடையில் பழுதான தாளையெல்லாம் கடலைக்காரனுக்குச் சுருள் செய்யக் கொடுப்பது வழக்கம். இதை அப்படிக் கொடுக்க முடியாது. சின்னச் சின்னதாகக் கிழித்துக் கக்கூசில் போட்டுத் தண்ணீர் ஊற்றினான். ஒரு துண்டு மட்டும் போகாமல் மிதந்தது. இன்னொரு வாளி ஊற்றினான்.

மார்கழி வரைக்கும் டீச்சர் வந்தார். பிறகு வரவில்லை. கைவிட்டுவிட்டார் என்று நினைத்தான். கோபுரத்துப் பக்கம் பார்க்காமல் பொத்தானை அழுத்தினான், தாள் மாற்றினான். புதுப் பாட்டு எழுதவில்லை. அடுத்த வைகாசியில் யுத்தம் முடிந்தது. சந்தில் வெடி கொளுத்தினார்கள், கடைக்குக் கடை பாற்சோறு கொடுத்தார்கள். முதலாளி நீட்டியதை வாங்கித் தின்றான். நன்றாகத்தான் இருந்தது.

அதற்கும் எட்டு மாதம் கழித்துப் பாலேந்திரன் கடைக்குள் வந்தான்.

மெலிந்திருந்தான். ஒரு கடதாசியைக் கண்ணாடியின் மேல் வைத்து, லெமினேட் பண்ண வேண்டும் என்றான். விடுதலைக் கடிதம். குற்றம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்று மூன்று வரி. சேதுராமன் ஏதோ சொன்னான். பாலேந்திரன் தலையைத் திருப்பி மறுகாதைக் காட்டினான்.

"இந்தப் பக்கம் வந்து கதை மச்சான். மற்றது கேக்காது."

சேதுராமன் மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போனான். அக்கா எப்படி இருக்காங்க என்று கேட்டான்.

"மாத்தளையில. சுகமா இருக்கிறா."

"நான் அவங்களுக்கு நெறைய அடிச்சுக் குடுத்தேன். நான் யாருன்னு அவங்களுக்கு..."

"பார்த்த முதல் நாளே சொல்லிப்போட்டன்," என்றான் பாலேந்திரன். குரலில் சூடு ஒன்றும் இல்லை. "பத்தாம் நாள்தான் அக்காவைப் பார்க்க விட்டவங்கள். அவன் இன்ன கடையில நிக்கிறான், அவன்ர பேரை ஒருத்தரிட்டயும் குடுக்காத, அங்க போய்க் கொப்பி எடு, அவன் தானா வருவான் எண்டு சொன்னன்."

அம்பிட்டிய பஸ் நிற்கிற இடத்திலிருந்து இந்தச் சந்துக்கு வருவதற்குள் நான்கு கொப்பிக் கடைகள் இருக்கின்றன. சேதுராமனுக்கு அது அப்போதுதான் மனதில் பட்டது. நான்கையும் தாண்டி, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, அரை வருஷம். பெருசாக்குங்கோ.

லெமினேட்டர் சூடாகும் வரை இரண்டு பேரும் அதன் சின்னச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மார்கழியில நான்தான் போக வேண்டாம் எண்டனான்," என்றான் பாலேந்திரன். "அக்கா பாவம்."

கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துக் காற்றுக் குமிழ் இருக்கிறதா என்று பார்த்தான். பிறகு, ரொறன்ரோவில் யாரோ அந்த சீடியைத் திரும்ப அடிக்கப்போவதாக எழுதியிருக்கிறார் என்றும், அடிக்கட்டும், மட்டையிலிருந்து தன் பெயரை மட்டும் எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னான். சேதுராமன் கணினியில் மட்டையின் கோப்பைத் திறந்தான். இசை: ம. பாலேந்திரன், 41/3, அம்பிட்டிய. அழித்தான். மஹ்மூத் நானாவின் வரியையும் கேட்காமலேயே அழித்தான்.

"நான் வந்தேன் மச்சான்," என்றான் திரையைப் பார்த்தபடி. "பாலம் வரைக்கும் வந்தேன்."

எந்தக் காது பக்கம் நின்று சொன்னோம் என்று யோசித்துத் திரும்பியபோது பாலேந்திரன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான்.

அவன் போன பிறகு சேதுராமன் 'பாடல், குரல்: சி. சேதுராமன், ஹந்தானை' என்று அடித்தான். விரல் எங்கும் நிற்கவில்லை. வெளியே பார்த்தான். கோபுரத்தடியில் ஜீப் இல்லை. பாலத்தடியிலும் இப்போது யாரும் இறக்குவதில்லை. அடித்த வரியை அழித்தான். முன்பக்கம் போய்க் கரும்பாறையையும் அழித்தான். தலைப்பும் எட்டுப் பாட்டின் பெயரும் மட்டும் மிஞ்சிய மட்டையை ரொறன்ரோவுக்கு அனுப்பினான்.

அது அங்கே நன்றாக விற்றதாம். நான்கைந்து மாதம் கழித்து, தியாகராஜா ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் மறுபடியும் எழுதினார். ஒரு மாணவன் அந்தக் கட்டுரையைப் பிரதி எடுக்கக் கொண்டுவந்தான். சேதுராமன் அதைக் கவிழ்த்து வைப்பதற்கு முன் ஒரு வரியைத்தான் வாசித்தான். அன்று புனைபெயரில் வந்தவர் இன்று அதையும் துறந்துவிட்டார். இப்படியொரு அடக்கத்தைத் தான் கண்டதில்லை என்று எழுதியிருந்தது.

மூடியை இறக்கிப் பொத்தானை அழுத்தினான். முதல் பாட்டு தொடங்கியது.